நூலை அறுத்தால் எது விழும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான தற்காலச் சிற்பம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கருங்கல், ஐம்பொன், மரம், சுதை என்று தொடங்கிப் பற்றவைத்த இரும்பு வரை வந்து, பழைய இரும்புக்கடைச் சரக்கைக்கூடச் சிற்பமாக ஏற்றுக்கொண்ட அக்கட்டுரை, கையால் திரித்த கயிறும் கையால் நெய்த துணியும் இரும்போடு சேரும் படைப்புகளை மட்டும் ‘இரும்பைத் துணியால் அலங்கரிக்கும் புதுப்பாணி’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட்டது. அதற்கு அருகில் அச்சிட்டிருந்த படத்தின் கீழே ‘கலப்பு ஊடகம்’ (பல பொருள்களைச் சேர்த்துச் செய்தது என்று பொருள்) என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அந்த ஒரு வாக்கியத்தையும் அந்த இரண்டு சொற்களையும் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நான் பவானியில் ஜமக்காளத் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தேன். அந்தப் படிப்பு சோறு போடவில்லை என்பதால் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கேட்டும் கிரில்லும் செய்யும் வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். பட்டறை மூடிய பிறகு இரவில் சிற்பம் செய்கிறேன். ஆகையால் நூலும் இரும்பும் சேரும் இடத்தைப் பற்றி நான் சொல்வதில் பாதி படித்துத் தெரிந்தது, பாதி கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்தது.

அலங்காரம் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சாமிக்குச் சாத்திய மாலையைக் களைந்தாலும் சிலை இருந்தபடியே இருக்கிறது. ஆகவே மாலை அலங்காரம். நூலும் இரும்பும் சேர்ந்த ஒரு படைப்பின் முன்னால் நின்று இதே கேள்வியைக் கேட்கலாம்: நூலை அறுத்தால் எது விழும்? எதுவும் விழாது என்றால் கட்டுரையாளர் சொன்னது சரிதான். அது துணி போர்த்திய இரும்பு. இரும்பு விழுந்துவிடும் என்றால், அங்கே சிற்பத்தைச் சுமப்பது நூல். சுமப்பதை அலங்காரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுத் தூணை நாம் அப்படிச் சொல்வதில்லை.

கர்நாடகத்தின் பத்ராவதியில் 1957-இல் பிறந்த கலைஞர் ஷீலா கௌடாவின் ‘பிஹோல்ட்’ என்ற படைப்பு இதற்கு நல்ல சான்று. 2009-ஆம் ஆண்டு வெனிஸ் பியன்னாலே என்ற ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டுக் கலைக்கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தச் சிற்பம் இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. அதில் இருப்பவை இரண்டே பொருள்கள். ஒன்று, மனிதத் தலைமுடியைக் கையால் திரித்துச் செய்த கயிறு, ஏறத்தாழ 4000 மீட்டர். மற்றொன்று, கார்களின் முன்னும் பின்னும் இருக்கும் குரோம் பூசிய இரும்பு பம்பர்கள், ஏறத்தாழ இருபது. சுவரெங்கும் சுருண்டும் சரிந்தும் தரையில் குவிந்தும் கிடக்கும் அந்தக் கறுப்புக் கயிற்றில்தான் பம்பர்கள் தொங்குகின்றன. கயிற்றை அறுத்தால் அத்தனை பம்பரும் தரையில் கிடக்கும்.

இந்த இரண்டு பொருள்களையும் அவர் கடையில் தற்செயலாகக் கண்டு சேர்த்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கோயில்களில் முடிகாணிக்கையாகச் செலுத்தப்படும் கூந்தலில் நீளமானது சவுரிக்கும் விக்குக்கும் விலைபோகிறது. அதற்குப் பயன்படாத குட்டை முடியைத் திரித்துக் கயிறாக்குகிறார்கள். பெங்களூரில் அந்தக் கயிற்றைக் கண்ணேறு படாமலிருக்க வண்டியின் பம்பரில் கட்டும் வழக்கம் இருக்கிறது. நம் ஊர் லாரிகளின் முகப்பில் தொங்கும் திருஷ்டிக் கயிற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருவில் பம்பர் பெரிது, அதைச் சுற்றிய கயிறு சிறிது; ஒரு முழம் இருந்தால் அதிகம். கௌடா அந்த அளவைத் தலைகீழாக்கினார். காப்பாகக் கட்டிய கயிறு நாலு கிலோமீட்டர் நீண்டு வண்டியின் இரும்பையே தூக்கிப் பிடிக்கிறது. யாரோ ஒருவர் வேண்டுதலுக்காகக் கொடுத்த முடி, யாரோ ஒருவர் உள்ளங்கையில் வைத்துத் திரித்த திரிப்பு, எங்கோ ஒரு தொழிற்சாலையின் அச்சில் அழுத்தி எடுத்த தகடு ஆகிய மூன்றும் ஒரே சுவரில் ஒன்றின் பாரத்தை மற்றொன்று தாங்கி நிற்கும்போது, அங்கே அலங்காரம் எது என்று எனக்கு விளங்கவில்லை. கௌடா பிறந்த பத்ராவதி இரும்பாலை ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரும்பை அவர் புதுமைக்காகத் தேடிப்போனார் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இதற்கும் முன்பே 1998-இல் அவர் தொடங்கிய ஒரு படைப்பு வரிசையில் நூறு மீட்டருக்கும் மேல் நீளமான நூலைத் தையல் ஊசிகளின் காதில் கோத்து, கோத்த நூல்களையெல்லாம் குங்குமமும் பசையும் சேர்த்துப் பூசி ஒரே கயிறாகத் திரட்டினார். ஊசிகள் கயிற்றின் நுனியில் கொத்தாகத் தொங்குகின்றன. ஊசி தொழிற்சாலைப் பொருள். ஆயினும் அதன் காதுக்குள் நூலை நுழைக்க ஒரு கை வேண்டும், நல்ல கண்ணும் வேண்டும். அதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு என் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இதைப் ‘புதுப்பாணி’ என்று கட்டுரை சொல்வதும் சரியில்லை. 1964-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ரூர் பகுதியில், கெட்விக் என்ற ஊரில், பயன்படுத்தாமல் கிடந்த ஒரு துணியாலையின் தளத்தில் ஈவா ஹெஸ்ஸே என்ற இளம் ஓவியர் வேலை செய்யத் தொடங்கினார். ஹாம்பர்கில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிக் குழந்தையாக நியூயார்க் சேர்ந்தவர். படிப்பு முடித்த பின் துணி வடிவமைப்பாளராகவும் வேலை பார்த்தவர். அந்த ஆலையில் நூல்களும் கயிறுகளும் எந்திர உதிரிகளும் சிதறிக் கிடந்தன. அதுவரை வரைந்துகொண்டிருந்த அவர், அவற்றைப் பலகையில் சுற்றியும் ஒட்டியும் 14 புடைப்புப் படைப்புகளைச் செய்தார். 1965-இல் செய்த முதல் படைப்பிலேயே துணியுறை போட்ட மின்கம்பியை வட்டவட்டமாகச் சுற்றி ஒட்டியிருக்கிறார். உள்ளே செம்பு, வெளியே நூல் என்று அந்தப் பொருளே ஒரு கலப்புதான்.

நியூயார்க் திரும்பிய பின் அவர் செய்த ஒரு வேலையை என் பட்டறைக்கு வரும் பையன்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. துத்தநாகம் பூசிய தகட்டில் ஒரு பெரிய பெட்டி, மேல்பக்கம் திறந்தது, மற்றப் பக்கங்களிலெல்லாம் வரிசை வரிசையாகத் துளைகள். துளையிட்ட பெட்டியைச் செய்தது தொழிற்கூடம். அந்த 30,670 துளைகளிலும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கையால் கோத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பாய் முடைந்ததுபோல் சீராக இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் கம்பளிப் பூச்சியின் முதுகுபோல் சிலிர்த்து நிற்கும். டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் பெட்டியில் ஓர் இழைகூட இல்லை. ஆனாலும் அதைச் செய்த முறை கோப்பதும் முடைவதும்தான். துணி வேலையின் பொறுமையை இரும்புத் தகட்டின்மேல் இறக்கிய படைப்பு அது. 1970-இல் மூளைக் கட்டியால் இறந்தபோது அவருக்கு வயது 34.

நம் நாட்டில் மிருணாளினி முகர்ஜி (1949–2015) கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலான யட்சிகளையும் தேவிகளையும் எழுப்பினார். அவருடைய ஆசிரியரான கே.ஜி. சுப்பிரமணியன் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் பணியாற்றியவர். தறியையும் கலைக்கூடத்தையும் தனித்தனிச் சாதியாகப் பார்க்காதவர். முகர்ஜியின் உருவங்களுக்குள்ளே உலோகச் சட்டம் உண்டு. கயிற்றின் பாரத்தை அந்தச் சட்டம் தாங்குகிறது; சட்டத்துக்கு உடம்பைக் கயிறு கொடுக்கிறது. போலந்தின் மக்தலேனா அபகனோவிச்சோ துறைமுகங்களில் கழித்துப்போட்ட கப்பல் கயிறுகளைப் பிரித்து, சாயம் ஏற்றி, மீண்டும் நெய்து, ஆள் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய உருவங்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். 1965-இல் சாவோ பாவ்லோ பியன்னாலேயில் அவருக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. அறுபது ஆண்டு கடந்த ஒன்றைப் புதுப்பாணி என்று சொல்வது சற்று அதிகப்படியான இளமை.

இவ்வளவு தூரம் போகாமலே நம் தேரைப் பார்க்கலாம். சிற்ப வேலைப்பாடு கொண்ட மரப்பகுதி கீழே நிற்க, அதற்குமேல் உயர்ந்து தெரிவதெல்லாம் மூங்கிலும் கயிறும் துணியும்தான். உள்ளே வளையம் வைத்துத் தைத்த தொம்பைகள் உருளை உருளையாகத் தொங்குகின்றன. துணிக்குக் கனவடிவம் கொடுக்க நம் தையற்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி உயரம் என்பார்கள். அந்த உயரத்தில் பெரும்பகுதி கையால் கட்டியது. அடியில் உள்ள இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்தவை. கைத்தையலும் கனரகத் தொழிற்சாலையும் ஒரே உருவத்தில் ஏறி நான்கு வீதியும் சுற்றி வருவதை ஆண்டுதோறும் வடம் பிடித்துப் பார்க்கிற நமக்கு, அந்தச் சேர்க்கை ஓர் அரங்கத்துக்குள் வந்தால் மட்டும் ஏன் விநோதமாகப் படுகிறது என்று தெரியவில்லை. (தேரில் உள்ள துணியும் ஒரு வகையில் அலங்காரம்தானே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். தேர்ச்சீலையைக் கழற்றிய தேரைத் தேரடியில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.)

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். ஈரோட்டுப் பக்கம் பழைய விசைத்தறிகளை உடைத்து எடைக்குப் போடுகிறார்கள். அப்படி வாங்கிய பல்சக்கரங்கள், பக்கச் சட்டத்தின் துண்டுகள் ஆகியவற்றைப் பற்றவைத்து ஏறத்தாழ நாற்பது கிலோ எடையில் ஓர் உருவம் செய்தேன். அதை என் தந்தை நெய்த இரண்டு ஜமக்காளப் பட்டைகளில் தொங்கவிட வேண்டும் என்பது எண்ணம். ஜமக்காளம் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட வகை. அந்த ஒதுக்கீடு ஏட்டில் இருக்க, பவானியில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றதற்கு விசைத்தறியில் ஓடிய போலிகள் ஒரு முக்கியக் காரணம். அந்த விசைத்தறியின் இரும்பை இந்தக் கைத்தறியின் துணி தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்குமேல் அந்தச் சிற்பத்துக்குக் கருத்து ஒன்றும் இல்லை.

சொல்ல எளிது. செய்யும்போதுதான் துணி தன் குணத்தைக் காட்டியது. கயிறோ துணியோ இழுவையைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது; இரும்பு இரண்டையும் தாங்கும். ஆகவே துணி நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அதை எப்போதும் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு இழுக்கலாம் என்பது அது நெய்யப்பட்ட விதத்தைப் பொறுத்தது. ஜமக்காளத்தில் நாம் காணும் சிவப்பும் பச்சையும் நீலமுமான பட்டைகள் எல்லாம் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல். நெடுக்கே ஓடும் பாவு நூல் அதற்குள் மறைந்து கிடக்கிறது. நீளவாக்கில் தொங்கவிடும்போது நாற்பது கிலோவையும் சுமப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாவு நூல்தான். முதல் முறை நான் அகலவாக்கில் வெட்டித் தொங்கவிட்டேன். ஊடை நூல்கள் பாரத்தில் நழுவி, பட்டை ஓரிடத்தில் சல்லடைபோல் வாய் பிளந்தது. என் தந்தை வந்து பார்த்துவிட்டு, “பாவு இருக்கிற பக்கம் தொங்க விடுடா, ஊடை எதுக்குடா தாங்கும்?” என்றார். கல்லூரியில் ஐந்து ஆண்டு படித்ததில் அந்த ஒரு பாடம் இல்லை.

இரும்பின் கூர்விளிம்பு அடுத்த தொல்லை. கிரைண்டரில் பிசிறு நீக்கிய விளிம்புகூட நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். காற்றில் ஒரு நூலிழை அகலம் அசைந்தாலும் போதும். துணி படும் இடத்திலெல்லாம் அரை அங்குல உருட்டுக் கம்பியைப் பற்றவைத்து, அதன்மேல் துணியை மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. முடிச்சுப் போடலாமே என்றால், முடிச்சு விழும் இடத்தில் கயிற்றின் வலு வெகுவாகக் குறைந்துவிடும், பாதியாகக்கூடப் போகும். பருத்தி பாரத்தில் மெல்ல நீளவும் செய்யும். ஒரு மாதத்தில் என் இரும்பு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. இந்தத் தொல்லைகள் ஒவ்வொன்றும் உருவத்தை மாற்றின. நான் வரைந்துவைத்த படத்துக்கும் முடிந்த சிற்பத்துக்கும் உள்ள வேற்றுமைகளில் பெரும்பாலானவை துணி கேட்டு வாங்கியவை. துணி அலங்காரமாக இருந்திருந்தால் அதற்கு இப்படிக் கேட்கும் உரிமை இருந்திருக்காது.

துரு தனிக்கதை. ஐப்பசி மழையில் திண்ணையில் ஒரு வாரம் இருந்த சிற்பத்தில், இரும்பிலிருந்து துணிக்குள் செம்பழுப்புக் கறை ஒரு சாண் அளவுக்கு ஏறிவிட்டது. சோப்புப் போட்டும் எலுமிச்சைச் சாறு தேய்த்தும் பார்த்தேன். மங்கியதே தவிரப் போகவில்லை. பிறகுதான் இரும்பும் துணியும் ஒன்றையொன்று கறைப்படுத்துவதை நம் சாயக்காரர்கள் எவ்வளவு காலமாக அறிந்து ஆண்டிருக்கிறார்கள் என்பது உறைத்தது. கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை போன்ற ஊர்களில் கலம்காரி எனும் துணிச் சித்திரம் எழுதுவோர் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நாட்கணக்கில் நீரில் ஊறவைத்துக் கறுப்பு மை எடுக்கிறார்கள். கடுக்காய் நீரில் தோய்த்த துணியில் அந்த மை பட்டதும் கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கறுக்கும். அதே இரும்பு நாளடைவில் நூலை அரிக்கவும் செய்யும். மிகப் பழைய அச்சுத் துணிகளில் கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பது அதனால்தான். அடுத்த பட்டையை நான் கடுக்காயில் தோய்த்தே தொங்கவிட்டேன். துரு ஏறிய இடமெல்லாம் கறுத்தது. எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்பவர்களிடம், என் ஆயுள் வரை தாங்கினால் போதும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் சொன்ன ‘அறுத்துப் பார்க்கும்’ சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெங்களூரில் 1977-இல் பிறந்த ரஞ்சனி ஷெட்டரின் ‘செவன் பாண்ட்ஸ் அண்ட் எ ஃப்யூ ரெயின்டிராப்ஸ்’ (ஏழு குளங்களும் சில மழைத்துளிகளும்) என்ற 2017-ஆம் ஆண்டுப் படைப்பு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துருவேறா எஃகுக் கம்பிகளை வளைத்துக் கூடாக்கி, அதன்மேல் புளி கொண்டு நிறமேற்றிய மஸ்லின் துணியை இழுத்துப் போர்த்தியிருக்கிறார். முந்தைய ஒரு படைப்பில் புளியங்கொட்டைப் பசையும் பயன்படுத்தினார். பொம்மை செய்வோருக்கும் ஆலைகளில் பாவுக்குக் கஞ்சி போடுவோருக்கும் பழக்கமான பசை அது. இங்கே துணியைக் கிழித்தால் எதுவும் விழாது. கம்பிக்கூடு அப்படியே தொங்கும். ஆயினும் அந்தக் கம்பிக்கூட்டைப் பார்த்து யாரும் குளம் என்றோ மழைத்துளி என்றோ சொல்ல மாட்டார்கள். வெளிச்சம் புகுந்து நிற்க ஒரு தோல் இருந்ததால்தான் அது நீராகத் தெரிந்தது. ஆகவே என் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: நூலை நீக்கினால் விழுவது இரும்பா, உருவமா? இரண்டில் எது விழுந்தாலும் துணிக்கு அங்கே அலங்காரத்தைவிடப் பெரிய வேலை இருந்திருக்கிறது.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனட்சுயி, மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகளைத் தட்டி மடக்கிச் செம்புக் கம்பியால் இணைத்துச் சுவரளவு பெரிய விரிப்புகளைச் செய்கிறார். அங்கே நூலே இல்லை. தொழிற்சாலைக் கழிவே துணியாகிவிட்டது. நெசவுக் குடும்பத்தில் பிறந்த அவருடைய அந்த விரிப்புகளுக்கு நிலையான வடிவமும் கிடையாது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மடிப்பு மாறும். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கும் தெரியாது, போட வேண்டிய அவசியமும் இல்லை. 2015-இல் வெனிஸ் பியன்னாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கொடுத்தபோது அவர்களுக்கும் அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

நமக்குத்தான் பெட்டி முக்கியமாக இருக்கிறது. மேலே சொன்ன என் சிற்பத்தை ஓர் ஊரில் நடந்த கண்காட்சிக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். சிற்பப் பிரிவுக்கு விண்ணப்பித்த அதைத் துணி இருக்கிறது என்ற காரணத்தால் கைவினைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்; போய்ப் பார்த்தபோது பனையோலைப் பெட்டிகளுக்கும் சணல் பைகளுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. பனையோலைப் பெட்டியோடு நிற்பதில் எனக்குக் குறைவு ஒன்றும் இல்லை. அவற்றை முடைந்த கைகள் என் கையைவிடத் தேர்ந்தவை. ஆனால் அங்கே வந்தவர்கள் அதன் விலையைக் கேட்டு, “இந்த இரும்பு இல்லாமல் துணி மட்டும் கிடைக்குமா?” என்று விசாரித்தார்கள். இரும்பு மட்டும் இருந்திருந்தால் அதே சிற்பம் அடுத்த கூடத்தில் பீடத்தின் மேல் நின்றிருக்கும். சென்னைக்கு அருகே உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நினைத்துக்கொண்டேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடன் இருந்த ஓவியர்களும் சிற்பிகளும் அந்தக் கிராமத்தை உருவாக்கியபோது, மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி முதலான கைவேலைகளை விற்ற பணம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அங்கே உருவான உலோகச் சிற்பங்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவற்றுக்குச் சோறு போட்ட துணியைப் பற்றிப் பேசுவது குறைவு.

இனி அந்த இரண்டு சொற்கள். என் சிற்பத்துக்கு அருகே வைத்த அட்டையிலும் ‘கலப்பு ஊடகம்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். உடன் வந்த என் தந்தை அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது என்னடா ஊடகம்? டிவிக்காரங்க வந்தாங்களா?” என்று கேட்டார். சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. அவர் நெய்த பட்டை கண்ணெதிரே தொங்குகிறது. அதற்கு அந்த அட்டையில் பெயர் இல்லை. தலைமுடிக் கயிறு என்று எழுதினால் படிப்பவருக்குக் கோயில் நினைவுக்கு வரும், நெற்றி சுருங்கும், கேள்வி பிறக்கும். கார் பம்பர் என்று எழுதினால் தெரு நினைவுக்கு வரும். கலப்பு ஊடகம் என்று எழுதினால் ஒன்றும் வராது.

பொருளைப் பெயர் சொல்லி எழுதுவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் இருக்கிறது. ஈவா ஹெஸ்ஸே 1969-இல் மெல்லிய சல்லாத் துணியை ரப்பர்ப் பாலில் தோய்த்துக் கண்ணாடியிழைக் கம்பங்களுக்கு இடையே விரித்து ஒரு பெரிய சிற்பம் செய்தார். திரைச்சீலைபோல் விரிக்கவும் ஒடுக்கவும் கூடிய அது, காலப்போக்கில் ரப்பர் நிறம் மாறி விறைத்துப்போனதால் மடங்கும் தன்மையையே இழந்துவிட்டது. குகன்ஹைம் அருங்காட்சியகம் நீண்ட சீரமைப்புக்குப் பின் 2022-இல், 35 ஆண்டு இடைவெளிக்கு அப்பால், அதை மீண்டும் பார்வைக்கு வைத்தது. எந்தத் துணி, எந்த ரப்பர், எத்தனை பூச்சு என்று தெரிந்தால்தான் அத்தகைய வேலையைத் தொடங்கவே முடியும். நம் ஊரில் ஒருவர் இன்று கைத்தறித் துணியையும் தொழிற்சாலைத் தகட்டையும் சேர்த்துச் செய்யும் சிற்பம் நாற்பது ஆண்டு கழித்து ஏதோ ஒரு கிடங்கில் கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றி எஞ்சியிருக்கப்போவது பெரும்பாலும் ஒரு செய்தித்தாள் துணுக்கும் அதில் இருக்கும் படமும்தான். அந்தப் படத்தின் கீழே ‘கலப்பு ஊடகம்’ என்று இருந்தால் சீரமைக்க வருபவருக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே தங்களிடம் ஒரு சிறிய வேண்டுகோள். இத்தகைய படைப்பின் படத்தை இனி வெளியிடும்போது அதில் உள்ள நூல் எது, பருத்தியா சணலா முடியா என்பதையும், அதை எந்த ஊரில் யார் நெய்தார் அல்லது திரித்தார் என்பதையும், இரும்பு எதிலிருந்து வந்தது என்பதையும் படைத்தவரிடம் கேட்டு அச்சிடுமாறு தங்கள் செய்தியாளர்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்டால் எல்லோரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். சிலர் நிறுத்தாமல் சொல்வார்கள், அதைச் சுருக்கிக்கொள்வது தங்கள் பொறுப்பு. படத்தின் கீழ் இரண்டு வரி இடம் போதும்.

கட்டுரையோடு வந்த அந்தப் படத்தைப் பொறுத்தவரை, தொங்குவது தறியில் நெய்த துணியா கையால் பின்னிய வலையா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு இணைப்பில் அதை மட்டுமாவது தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
பவானியிலிருந்து தங்கள் நெடுநாள் வாசகன்